இரண்டு சீற்றுக் காரின் இடது பக்கம்

அன்புக்குரிய தம்பி,

உங்களை இப்படி நேருக்கு நேர் கூப்பிடுவது இதுதான் முதல் தரம். நீங்கள் இருந்த காலத்தில், ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நானும் நீங்களும் கதைத்ததெல்லாம் என் மகள் தவத்தின் வழியாகத்தான். மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நின்று வாய் திறப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "பிள்ளை, அவரைச் சாப்பிட வரச்சொல்லு" என்பேன். நீங்கள் அந்தக் கதவுக்கு முன்னாலேயே இருந்துகொண்டு, "தவம், மாமியிட்டைச் சொல்லும், கை கழுவிப்போட்டு வாறன்" என்பீர்கள். நடுவில் நின்ற அவள் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "உங்கள் ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியோ?" என்று கேட்டாள். நினைவிருக்கிறதா?

நேற்று உங்கள் திவசம். ஐயர் வந்து செய்துவிட்டுப் போனார். வாழைக்காய்ப் பொரியல் உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கொஞ்சம் கருகலாகவே வைத்தாள் தவம். எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு நான் கொட்டிலுக்குள் போய் நின்றேன். அங்கே வந்து பார்த்தீர்களென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் காரின் முன் சில்லு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைத் திருப்புகிற சாமான் அதில் இல்லை. கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன ஒரேயொரு சாமானை நான் கொடுத்துவிட்டேன்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறோம், வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று தவம் சொல்கிறாள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு கொழும்பிலிருந்து கப்பலேறி, உடுத்த சறத்தோடு வந்தீர்கள். கந்தோரில் படம் வரைகிற வேலை அங்கேயே போயிற்று. விறாந்தையில் இருந்துகொண்டு உங்கள் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சீதன வீட்டில் இருந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் உங்களைத் தின்றது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் அரியாலையில் ஒரு டொக்டர் வீட்டார் வெளிநாடு போவதற்காக வீட்டை ஒழித்தார்கள். கறாச்சுக்குள் கிடந்த மரப்பெட்டிகளைக் காட்டி, வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகும்படி உங்களுக்குச் சொன்னார்கள். மாட்டுவண்டிலில் அது வந்து இறங்கிய அன்று, நான் அதை ஒரு வள்ளம் என்றுதான் நினைத்தேன். வழுவழுவென்று, இரும்பும் இல்லாமல் மரமும் இல்லாமல், மூக்கு நீண்டு கிடந்தது. தவம் வந்து, அது கார் என்றாள். இங்கிலாந்தில் அதைத் துண்டு துண்டாக விற்பார்களாம். வாங்குகிறவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம். டொக்டரின் மகன் அங்கே படித்த காலத்தில் அனுப்பி, ஒருவரும் பூட்டாமலே விட்டதாம்.

"எத்தினை பேர் இருக்கலாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர், அம்மா."

"நாங்கள் நாலு பேரெல்லோ."

உங்களையும் தவத்தையும், சின்னப்பிள்ளையாக இருந்த சுமதியையும், என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

காருக்குப் பெயர் இல்லை. எப்படிப் பூட்டுவது என்று சொல்கிற கடதாசி ஒன்றும் இல்லை. பாதிப் பெட்டிகள் வெறுமை. மிச்சத்தில் கிடந்தது எது, எதற்கு என்று தெரியாது. நீங்கள் அவற்றைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கையில் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர்கள். ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே சொன்னீர்கள்.

"தவம், இப்பதான் பிடிபட்டது. உந்தக் காரைச் செய்தவங்கள் உடம்பை மட்டும்தான் தாங்கள் செய்திருக்கிறாங்கள். மிச்சமெல்லாம் ரோட்டிலை ஓடுற சின்னக் காருகளின்ரை சாமான். கதவுப் பிடி ஒண்டின்ரை, லைற்று வேறை ஒண்டின்ரை."

"அப்ப அது கார் இல்லை, மீனும் றாலும் நண்டும் எல்லாம் போட்டுக் காய்ச்சின கூழ்" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

உங்களுக்குப் புரைக்கேறியது. கப்பலேறி வந்தபிறகு நீங்கள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு உங்கள் கால் வீட்டில் நிற்கவில்லை. ஒரு சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பீர்கள். கார் நிற்கிற இடமெல்லாம் போய்க் குந்தியிருந்து, அதையும் இதையும் பக்கத்தில் பிடித்து, ஓட்டையோடு ஓட்டை ஒத்துப் பார்த்து, பின்பக்கத்தில் வார்த்திருக்கிற இலக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, இது இன்ன காரின் பிள்ளை என்று கண்டுபிடிப்பீர்கள். "ஊரிலை ஆக்கள் பொம்பிளை பாக்கப் போகினம். உன்ரை மனுசன் ஆணி பாக்கப் போறார்" என்று தவத்திடம் சொன்னேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குருநகரிலிருந்து வந்தீர்கள். பின்பக்கச் சிவப்பு லைற்றின் சோடி அங்கே மீன் ஏற்றுகிற வான் வண்டி ஒன்றில் இருந்ததாம். வான் ஓடாமல் கிடந்ததால் அதன் சொந்தக்காரர் சும்மாவே கழற்றித் தந்துவிட்டாராம். படலையடியில் வரும்போதே எனக்கு மணத்தது.

"பிள்ளை, அவரைக் கிணத்தடியாலை வரச்சொல்லு. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"தவம், மாமியிட்டைச் சொல்லும், இது மீன் இல்லை, லைற்று."

"லைற்றையும் முழுக வார்க்கச் சொல்லு."

நீங்கள் வார்த்தீர்கள். லைற்றுக்கும் உங்களுக்கும் ஒரே வாளியால் மாறி மாறி. சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதெல்லாம் சிரித்த கதை. இனிச் சொல்லப்போவது சிரிக்க முடியாதது.

ஒரு சாமான் மட்டும் கிடைக்கவில்லை. ஸ்ரேறிங்கைத் திருப்பச் சில்லு இரண்டையும் இழுத்துத் திருப்புகிற, பல்லு வைத்த நீளக் கம்பி. றாக் என்பீர்கள். அது மைனர் காரின் றாக் என்பதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். மைனர் ஒன்று எங்கள் வளவிலேயே, விளாத்தி மரத்தின் கீழ், உங்கள் மாமா, என் வீட்டுக்காரர், கடைசியாக நிறுத்திய இடத்தில் நின்றது. அவர் கண்ணை மூடினபிறகு அதை ஒருவரும் தொடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் நான் கழுவிச் சந்தனம் வைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் நீங்கள் அதன் கீழே படுத்துக்கிடந்ததைக் கிணற்றடியிலிருந்து கண்டேன். சாண் போட்டு அளந்தீர்கள். பிறகு வெளியே வந்து, மட்காட்டில் பட்ட உங்கள் கை அடையாளத்தைச் சறத்துத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனீர்கள்.

கேட்கட்டும் என்று நான் இருந்தேன். கேட்டால், இன்னும் சீதனம் கேட்டதாகிவிடும் என்று நீங்கள் இருந்தீர்கள். கேளாமல் கொடுத்தால் மருமகனை இல்லாதவன் என்று காட்டினதாகிவிடும் என்று எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அது என் தலைக்கனம். வீட்டு மரத்தின் கீழே நின்ற சாமானைத் தேடி நீங்கள் சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் சைக்கிள் உழக்கினீர்கள். பின்னேரங்களில் தவம் உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். நான் குசினியில் இருந்து அந்த எண்ணெய் மணத்தை மணந்துகொண்டிருந்தேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேலே போயிற்று.

கடைசியில் ஒரு நாள், "பிள்ளை, உந்த மைனர் சும்மா நிண்டு கறள் பிடிக்குது. ஆருக்கும் அதிலை சாமான் தேவையெண்டால் கழட்டட்டும்" என்றேன்.

விறாந்தையில் பத்திரிகை மடிகிற சத்தம் கேட்டது. "தவம், மாமி உண்மையாத்தான் சொல்லுறாவோ எண்டு கேளும்."

"நான் எப்ப பொய் சொன்னனான் எண்டு கேள்."

நீங்கள் மைனருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் முதல் ஆணியில் கை வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கார் ஓடிய நாளும் மறக்கவில்லை. இளநீர்ப் பச்சை நிறம் அடித்திருந்தீர்கள். சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து, விபூதி பூசி, முழுகின ஈரத்தலையோடு வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள். படலைக்கு வெளியே ஒழுங்கை முழுக்கச் சனம்.

"தவம், மாமியை வரச்சொல்லும். மாமான்ரை ஸ்ரேறிங் இது. முதல் அவதான் இருக்கோணும்."

நான் விறாந்தைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். "உவருக்கென்ன விசரோ? ரெண்டு சீற்றுக் காரிலை, மருமோனுக்குப் பக்கத்திலை, தோள் முட்ட இருந்துகொண்டு நான் சந்தியாலை போறதோ? ஊர் சிரிக்கும்."

தவம் அதை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நீங்கள் கதவை மூடாமல் நின்றீர்கள். என்ன நினைத்தீர்கள், தம்பி? நான் மனம் மாறுவேன் என்றா? எஞ்சின் சுடுகிறது என்று யாரோ சொன்னபிறகுதான் அசைந்தீர்கள். சுமதி ஓடிவந்து ஏறப் பார்த்தாள். "மாமிக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள்" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினீர்கள். மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலுக்குத் தனியே போய் வந்தீர்கள். வந்ததும், கோயிலில் கொடுத்த வடையை என் பங்கென்று தனியாக எடுத்து வைத்தீர்கள்.

அதன் பிறகும் சில முறை ஓடினீர்கள். ஒவ்வொரு முறையும் இடது கதவை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவீர்கள். பிறகு சண்டையில் பாதை மூடி, பெற்றோல் வராமல் போயிற்று. காரைக் கல்லில் ஏற்றிவைத்தீர்கள். அடுத்த வருஷம் உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில், தவம் பக்கத்தில் நிற்க, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தீர்கள். "மாமி" என்று என்னையே கூப்பிட்டீர்கள். "மாமான்ரை சாமான் உங்கடை. அதை மட்டும் ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ." நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். "ஓம் தம்பி" என்று ஒரு சொல் வந்திருக்கலாம். வழக்கம் அப்போதும் என் வாயைப் பிடித்துக்கொண்டது.

அந்தத் தலையாட்டலைத்தான் இந்த வருஷம் முறித்தேன்.

சுமதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. உங்கள் மகள் இப்போது மருத்துவிச்சி வேலை பழகுகிறாள். ஊரில் அவளைச் 'சின்ன மிசி' என்கிறார்கள். எங்கேயாவது ஒரு பெண்ணுக்கு நோக்கண்டால், பெரிய மிசி சைக்கிளில் வந்து சேருமுன் என் பேத்தி அங்கே நிற்பாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவளோ தாயின் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தைக் குழல் வைத்துக் கேட்டு நல்லது கெட்டது சொல்கிறாள். கோயிலடியில் நாலு பேர் அவளைப் பற்றிக் கதைத்தால் நான் மெதுவாக நடப்பேன், முழுக்கக் கேட்பதற்காக.

பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் பக்கத்தில் மிச்சமிருப்பது ஒரு கார்தான். மருதனார்மடம் சந்தியில் நிற்கிற கதிரேசுவின் வாடகை மைனர். ஒரு மூடி பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுகிறான். அவன் வந்து படலையில் நின்றான்.

"ஆச்சி, ஸ்ரேறிங் றாக்கிலை பல்லு தேஞ்சு போச்சு. நான் ஒரு பக்கம் திருப்ப, சில்லு யோசிச்சுப்போட்டுத்தான் திரும்புது. எங்கையும் எடுக்கேலாது, சாமான் வரவிடுறாங்கள் இல்லை. உங்கடை கொட்டிலிலை ஒண்டு கிடக்கு."

"அது மைனர் இல்லை. வேறை கார்."

"நீங்கள்தானே ஆச்சி உதைக் கூழெண்டு ஊரெல்லாம் சொன்னது. கூழுக்குள்ளை கிடந்தாலும் றால் றால்தானே."

"போடா, வாய் காட்டுறாய்" என்று கலைத்துவிட்டேன். அவன் போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, குரலைக் குறைத்துச் சொன்னான்.

"முந்தநாள் வாய்க்காலுக்குள்ளை இறங்கப் பாத்தது. உள்ளை ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவவின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தது உங்கடை சின்ன மிசி. சொல்லவேண்டாம் எண்டவ."

சுமதி வந்ததும் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"இனி உந்தக் காரிலை ஏறாதை" என்றேன்.

"நான் ஏறாட்டில் அந்தப் பொம்பிளையளோடை ஆர் போறது, அம்மம்மா? றாக்கைக் குடுங்கோ."

"கொப்பர் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"அப்பா என்ன சொன்னவர்? உங்கடை எண்டு சொன்னவர். உங்கடையெண்டால் நீங்கள் குடுக்கலாம்தானே."

படித்த பிள்ளை, நியாயத்தைச் சரியாகத்தான் பிடிக்கிறாள். ஆனால் நீங்கள் சொன்னது இரண்டு வசனம். அவள் முதலாவதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டாவதுதான் காதில் நிற்கிறது. அவள் உங்கள் மகள். அவள் உயிர் அந்தக் காருக்குள் இருந்தது. வேறு என்ன செய்வது? செய்தது பிழை என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்று படுக்கவும் முடியவில்லை.

கதிரேசு கழற்ற வந்தபோது, நீங்கள் செய்தது போலவே கற்பூரம் கொளுத்தினேன். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்பி வெளியே வந்தபோது சில்லு இரண்டும் 'டொக்' என்று விலகிய சத்தம் மட்டும் கேட்டது.

அதைத் தன் காரில் பூட்டிக்கொண்டு படலைக்கு வந்தான். "ஆச்சி ஏறுங்கோ. உங்கடை சாமான், நீங்கள் பாக்காமல் ஆர் பாக்கிறது?" பின்சீற்றைக் கழற்றிவிட்டு, நோயாளிகள் படுக்கப் பலகை போட்டிருந்தான். இருக்க இடம் அவனுக்குப் பக்கத்தில்தான். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி இருந்தேன். ஒழுங்கை முடக்கில் அவன் வலது பக்கம் வெட்டித் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. உங்கள் மாமா திருப்பும்போதும் அதே இடத்தில் அந்தச் சத்தம் வரும். உங்கள் காரிலும் வந்திருக்கும். நான் இருந்து கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதிரேசுவின் முழங்கை என் கையில் முட்டிக்கொண்டிருந்தது. அவன் எனக்கு யார்? சந்தி வந்தது. சந்தைக்குப் போகிற சனம், சைக்கிள்கள், மரக்கறிக் கடைகள். எல்லோரும் என்னைக் கண்டார்கள். பயத்தங்காய் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஆச்சி, கோயிலுக்கோ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்துவிட்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை, தம்பி.

கோயிலடியில் இறங்கிய என்னால் உள்ளே போக முடியவில்லை. வாசலிலேயே இருந்துவிட்டேன். அன்றைக்கு நீங்கள் இடது பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு இந்த வழியால்தானே வந்திருப்பீர்கள். அப்போதும் அந்த மரக்கறிக்காரி நிமிர்ந்து பார்த்திருப்பாள். "மாமி வரேல்லையோ?" என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்?

கதிரேசு கோயில் வாசலில் வைத்துச் சொல்லியிருக்கிறான், பாதை திறந்து சாமான் வரத் தொடங்கினால் முதல் வேலையாக றாக்கைக் கொண்டுவந்து உங்கள் காரில் பூட்டித் தருவதாக. அவன் சொல்லை நம்புகிறேன். அவன் கார் இதற்குள் இரண்டு பிள்ளைகளைச் சுகமாகப் பெற வைத்துவிட்டது என்று சுமதி சொன்னாள். அந்தத் தாய்மாரை நான் கண்டதில்லை. முடக்கில் வந்த 'டிக்' சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

போன கிழமை சலூன்காரர் ஒருவர் வந்து, உங்கள் காரின் சீற்று இரண்டும் தன் கடைக்கு நல்லாயிருக்கும் என்று கேட்டார். வந்த வழியே அனுப்பிவிட்டேன். இனி உங்கள் காரிலிருந்து ஓர் ஆணிகூடப் போகாது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை தலையாட்டி மாறினவள் நான். இதையும் வெறும் சொல்லாக விட எனக்கு விருப்பமில்லை.

ஆகையால் றாக் வரும்வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. நாளைக்குக் காலமை, கிணற்றடி வேலை முடிந்ததும், கொட்டிலுக்குள் வருவேன். இடது கதவை நானே திறந்து ஏறி இருப்பேன். கார் கல்லில் நிற்கும், சில்லு திரும்பாது, உங்கள் பக்கம் வெறுமையாக இருக்கும். தவத்தைக் கூப்பிடமாட்டேன். சொல்லவேண்டியதை உங்களிடமே சொல்வேன். முதலில், ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்ட அந்த "ஓம் தம்பி." பிறகு நாளாந்தம் மிச்சமும்.

பக்கத்தில் வந்து இருக்கப்போகிற,
உங்கள் மாமி